அடிக்காமல் விட்ட ஆறாவது பாட்டு

ஜொகூரில், தம்போய் வட்டாரத்தில் என் காரைப் பழுது பார்க்கும் ரொஸ்லிக்கு அறுபது வயதாகப் போகிறது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, தன் இளமைக்கால மலாய் ராக் பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடுவார். சில பாட்டுகளுக்குக் கண் கலங்கிவிடும். வானொலியே மறந்துவிட்ட குழுக்களின் கேசட்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறார். இங்கே வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகியும் இது எனக்குப் பழகவில்லை. எங்கள் ஊரில் இப்படிப் பாடியவனை நாங்கள் யாரும் மதித்ததில்லை.

அவன் என் அண்ணன். திருச்சியில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து எலெக்ட்ரிக் கிதார் வாங்கி, தமிழில் ராக் பாட்டுக் கட்டினான். தெருவில் அதற்குப் பெயர் கத்தல். நான் ஜொகூருக்கு வந்த புதிதில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பினான். யாரும் மேலே பதிந்து அழித்துவிடக் கூடாதென்று, கேசட்டின் விளிம்பிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்திருந்தான். அப்போதெல்லாம் நாங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புவோம். ஒருநாள் ஊருக்குப் போகிறவர் வாசலில் வந்து நிற்கிறார், கையில் வேறு கேசட் இல்லை. உடைத்த இடத்தில் செல்லோடேப் ஒட்டி, அவன் பாட்டின் மேலேயே அம்மாவுக்குப் பேசி அனுப்பிவிட்டேன். அவனிடம் வேறு பிரதி இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கவே இல்லை.

அண்ணன் கடைசிவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை. போன மாதம் அவன் காரியத்துக்குப் போயிருந்தபோது அண்ணி அந்தக் கேசட்டைக் கொடுத்தார்.

“அவரு பதிஞ்சது இது ஒண்ணுதான் தம்பி. வேற எங்கயும் இல்ல.”

அட்டையில் ஆறு பாட்டுகளின் பெயர்கள் அவன் கையெழுத்தில் இருந்தன. ஐந்தை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘தம்பி பேசியது’ என்று எழுதியிருந்தான்.

ரொஸ்லியின் பழைய காரில் அதைப் போட்டோம். என் இளவயதுக் குரல், சாப்பாடு பிரமாதம், அறையில் நல்ல காற்று என்று அம்மாவிடம் பொய்யாக அடுக்கியது. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பாடகர்தான் முன்னுரை சொல்கிறார் என்று நினைத்து ரொஸ்லி பொறுமையாகத் தலையாட்டினார். தமிழர் எல்லோரும் அவருக்கு ‘அண்ணே’தான். மிச்சத்தை மலாயில் கேட்டார்.

“அண்ணே, இவரு எப்ப லா பாடுவாரு?”

“இன்னும் கொஞ்ச நேரம்” என்றேன், வேறு யாரோ பேசுவதுபோல.

என் பேச்சு முடிந்ததும் கிதார் வந்தது. பிறகு அண்ணன் வந்தான். அதைக் கத்தல் என்று எப்படிச் சொன்னோம்? ரொஸ்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும், இன்னொரு தடவை கேட்க நாடாவைப் பின்னால் ஓட்டினார். அது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

அண்ணன் பாடியிருக்க வேண்டிய இடத்தில், “இங்க எனக்கு ஒரு குறையும் இல்லம்மா” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.