நீ மீன் பிடிக்குமா?

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாம் என்று என் கணவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் சான் ரமோன் நண்பர்கள் லீவு விட்டால் லாஸ் வேகாஸ் போவார்கள், மிஞ்சிப்போனால் ஹவாய். இவர் கொண்டுவந்த விளம்பரத் தாளில் இருந்ததோ அறுபது பேர் மட்டும் போகிற ஒரு சின்னக் கப்பல். நீச்சல் குளம் இல்லை, ஆட்டம் பாட்டம் இல்லை. சாலையே போகாத வடக்குக் கரையோரமாகப் போய், ஒவ்வொரு மீனவர் கிராமத்திலும் நிறுத்துவார்களாம். பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொடாத மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். ஆனால் நான் எரிந்து விழுந்ததற்குக் காரணம் வேறு.

நான் தூத்துக்குடிக்காரி. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஐஸ் கம்பெனி. வீட்டில் மீன் வாங்கவில்லை என்றால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். அமெரிக்கா வந்த புதிதில் பார்சிப்பனியில் வேலை பார்த்தபோது அடுத்த மேஜைக்காரரைக் காதலித்தேன். அவருடையது சென்னையில் சுத்த சைவக் குடும்பம். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவருடைய அம்மா போனில் தயங்கித் தயங்கி, மீனெல்லாம் சாப்பிடுவாயா என்று கேட்டார். "எனக்கு மீன் பிடிக்காது அத்தை" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். இவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சம்மதம் கிடைத்துவிட்டது. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் மறந்துபோகும் என்று நினைத்தேன். அத்தையோ, என் மருமகள் மீன் வாசனைக்கே ஓடிவிடுவாள் என்று மாம்பலம் முழுக்கச் சொல்லி மாய்ந்துபோனார். அதற்குமேல் நான் எங்கே வாயைத் திறப்பது?

இப்படியே எட்டு வருஷம். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் பர்கர் கடையில் மீன் சாண்ட்விச் வாங்கி, ஆபீஸ் பார்க்கிங்கின் கடைசி வரிசையில் காரை நிறுத்தி, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத் திருடி மாதிரித் தின்றேன். உள்ளே இருந்தது மீனா அட்டையா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. அதற்கே கண் கலங்கும். அப்படிப்பட்டவளை மீன் குவிந்து கிடக்கிற ஊர்களுக்குக் கூட்டிப்போய்ப் பருப்புப்பொடி போடுவது என்ன நியாயம்?

ஆனாலும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். லிவர்மோர் கோவிலில் ஒரு அர்ச்சனை, பெட்டியில் இரண்டு பாட்டில் பருப்புப்பொடி. ஜூனோவில் கப்பல் ஏறிய அன்று சாப்பாட்டு மேஜைக்கு வந்த பணியாளர், கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்க ஆரம்பித்தார். இவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் வெஜிடேரியன் என்று சொல்லிவிட்டேன். அவர் தாளை இன்னொரு தடவை பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். பாஸ்தா வந்தது.

மறுநாளும் பாஸ்தா. மற்றபடி குறை சொல்லக்கூடாது, ஊர் அழகு என்னைச் சொக்கவைத்தது. விடிந்தால் பனிமூட்டம், அது விலகினால் மலை நேராகக் கடலுக்குள் இறங்கியிருக்கும். முழங்கால்வரை பூட்ஸ் மாட்டி, ரப்பர் படகில் ஏற்றி, ஆள் இல்லாத கரைகளில் இறக்கிவிடுவார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் பைனாகுலரோடு பிறந்தவர்கள்போல இருந்த ரிட்டயரான அமெரிக்கர்கள். அவர்களுக்கு நடுவே, ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டராக மூன்று போட்டுக்கொண்டு நான்.

ஆறு வயது மகளுக்கு இவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். கப்பலில் இருக்கிற ஏழு நாளும் தமிழ்தான் பேச வேண்டும். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாள். திமிங்கிலம் வந்தால் எழுப்பச் சொல்வதற்கு "என்னை எழும்பு" என்றாள். குளிருகிறது என்பதற்கு "நான் குளிர்ச்சி" என்றாள். நாங்கள் திருத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் நாள் ஒரு கிராமத்தில் இறங்கினோம். கடலுக்குள் கம்பம் நட்டு, அதன்மேல் பலகை போட்டு, அதுதான் தெரு. படகுத்துறையில் ஒரு குழாய் வழியாகப் படகுக்குள் ஐஸ் சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் கம்பெனியில் கேட்ட அதே சத்தம்.

மதியச் சாப்பாடு அந்த ஊர்க்காரர்களுடையது. ரப்பர் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் பாதியாக அறுத்த டிரம்மில் கரி போட்டு, காலையில் பிடித்த சால்மனை வாட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மூவருக்கும் கப்பலிலிருந்தே பையில் சீஸ் சாண்ட்விச் வந்திருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதை மென்றுகொண்டே அடுப்பைப் பார்த்தேன். கொழுப்பு கரியில் சொட்டுச் சொட்டாக விழுந்து புகைந்தது.

மகள், துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, நீ மீன் பிடிக்குமா?"

"பிடிக்கும்டி. ரொம்பப் பிடிக்கும்" என்றேன், கண்ணை அடுப்பிலிருந்து எடுக்காமல்.

"நெட் வச்சா, ராட் வச்சா?"

அப்போதுதான் அவள் எந்தப் பிடிப்பைக் கேட்டாள், நான் எதைச் சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. மெதுவாகத் திரும்பினேன். இவர் கடித்த சாண்ட்விச்சோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "சனிக்கிழமை உன் காரை வாஷ் பண்றது நான்தானே? வாசனை தெரியாதா? இந்த டிரிப்புக்கு ஃபாரம் ஃபில் பண்ணும்போது உனக்கு மீன்னுதான் போட்டேன். அந்த ஆள் கேட்டப்போ நீயே வெஜிடேரியன்னு சொல்லிட்ட."

இதற்காகத்தான் இந்தக் கப்பலா என்று கேட்டேன். தலையாட்டினார். வீட்டில் வைத்துக் கேட்டால் நான் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேனாம். அது உண்மைதான், செய்திருப்பேன். முதலில் வந்தது இப்போதும் கோபம்தான். நாலு நாள் பாஸ்தா தின்னவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாரே. அப்புறம் அழுகை வந்தது. மகள் பயந்துபோய் சட்டத்தை மறந்து இங்கிலீஷில் ஆறுதல் சொன்னாள்.

இவரே எழுந்துபோய் ஒரு தட்டில் மீன் வாங்கி வந்தார். தட்டைப் பாம்பைப் பிடித்தமாதிரி கையை நீட்டிப் பிடித்திருந்தார். உப்பும் எலுமிச்சையும் மட்டும்தான், மிளகாய்கூட இல்லை. கையால் பிய்த்துத் தின்றேன். இரண்டாம் துண்டு வேண்டும் என்றேன், அதையும் வாங்கி வந்தார். மூக்கைப் பொத்தவில்லை, ஆனால் மூச்சு விட்ட மாதிரியும் தெரியவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு அம்மாவோடு பேசினார். பனிமலை, திமிங்கிலம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நான் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இவளுக்கு மீன் பிடிக்கும்மா. அன்னிக்கு உனக்காகத்தான் பொய் சொன்னா" என்றார்.

நான் ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினேன். அதற்குள் அத்தையின் குரல் வந்தது.

"அப்போ எட்டு வருஷமா அந்தப் பொண்ணு என்னதான்டா சாப்பிட்டா?"