வாரத்தில் இரண்டு நாள் தாழ்ப்பாள்

கணக்கு டீச்சருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது, ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம்தான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பக்கமாக இருந்தது. கட்டில், மெத்தை, அலமாரி, ஏசியுடன் இலவசத் தனியறை. தண்ணீரும் மின்சாரமும் இலவசம். பள்ளிக்குப் போக வர பஸ். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு விமான டிக்கெட். கணவர் தன் ஜெராக்ஸ் கடையிலேயே அந்தப் பக்கத்தை நாலைந்து பிரதி எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். நாத்தனார் படித்துவிட்டு, "உங்களுக்கென்ன அண்ணி, ராணி வாழ்க்கை" என்றாள். ஐந்தாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. ஒரு வரி விட்டுப்போனாலும் மார்க்கைக் குறைக்கிற மனுஷி, ஒரு பக்கத்தையே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தாம் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். அறை பள்ளியுடையது. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. பூட்டின் மாற்றுச்சாவி வார்டனிடம் இருக்கும். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் கதவைத் திறக்க வேண்டுமே, அதற்காகத்தான் இதெல்லாம். ஒன்பது வருஷத்தில் அந்த மாடியில் ஒருத்தர்கூட மயங்கி விழவில்லை. விழுந்திருந்தால் வார்டனுக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

மூன்றாம் மாடியில் நீளமான நடை, இருபுறமும் பதினாலு அறைகள், கடைசியில் பொதுச் சமையலறை. எல்லோரும் பெண் ஆசிரியர்கள். அப்போதிருந்த வார்டனுக்குக் கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. சாவி திரும்புகிற சத்தம் கேட்கும், அம்மாள் உள்ளே நிற்பாள், அப்புறம்தான் "நான்தான்" என்பாள். அலமாரியைத் திறப்பாள், குனிந்து கட்டிலுக்கடியில் பார்ப்பாள். முகத்தைச் சுளித்தால், "ஒளிச்சு வைக்க உங்ககிட்ட என்ன டீச்சர் இருக்கு?" என்று சிரிப்பாள். ஒன்றும் இல்லைதான். ஒன்றும் இல்லை என்பதை ஒருவர் வந்து வாராவாரம் சரிபார்த்துவிட்டுப் போவதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

நாலாவது வருஷம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், பள்ளி விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா போய்விட்டாள் என்று தம்பி போன் செய்தான். அன்றைக்கு விமானத்தில் இடம் இல்லை. "நாங்க பாத்துக்கறோம்கா, நீ அங்கயே இரு" என்றான். டீச்சர் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகை வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் சாவி திரும்பியது. வார்டனும் பின்னாலேயே ஏணியோடு ஏசி மெக்கானிக்கும் உள்ளே வந்தார்கள்.

"தண்ணி ஒழுகுதுன்னு எழுதிக் குடுத்திருந்தீங்களே, எங்க?" என்று மெக்கானிக் கேட்டார். டீச்சர் எழுந்து இடத்தைக் காட்டினாள். கட்டிலை நகர்த்தக் கை கொடுத்தாள். அரை மணி நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து பார்த்தாள், அழுகை வரவில்லை. அம்மாவுக்காக அழ வேண்டிய அழுகை அந்த ஏணியோடு போனது போனதுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரக் கடைசியிலேயே கடைவீதிக்குப் போய்ச் சின்னதாக ஒரு தாழ்ப்பாளும், நாலு திருகாணியும், ஒரு ஸ்க்ரூடிரைவரும் வாங்கி வந்தாள். பள்ளி ஆபீசுக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. அந்த இரண்டு நாளும் வார்டனும் தன் வீட்டை விட்டு அசையமாட்டாள், மெக்கானிக்கும் வரமாட்டார். கடைசி வேலை நாள் சாயங்காலம் தாழ்ப்பாளை மாட்டினால், விடுமுறை முடிகிற சாயங்காலம் கழற்றிவிடலாம். மாட்டுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்து விடுவாள். கழற்றினால் கதவில் நாலு ஓட்டை தெரியுமே, அதற்கு என்ன செய்வது? டீச்சருக்கா வழி தெரியாது. வகுப்பிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து ஓட்டையில் அடைத்தாள். கதவு பழுத்த வெள்ளை நிறம். வெறும் வெள்ளைச் சாக்பீஸ் எடுப்பாகத் தெரிந்தது. மூன்று வெள்ளைக்கு ஒரு மஞ்சள் சேர்த்தபோது அச்சாகப் பொருந்திவிட்டது.

ஐந்து வருஷம் இதே வேலை. ஓட்டைகள் தளர்ந்துபோனால் தீக்குச்சியை உடைத்துச் செருகித் திருகாணியை முறுக்குவாள். மணிக்கட்டில் வலி வந்து அங்கேயே குடியிருந்தது. அப்படிப் பாடுபட்டுத் தாழ்ப்பாளுக்கு உள்ளே என்ன செய்தாள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சும்மா கிடந்தாள். சும்மா கிடக்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

அவள் பயந்தது வார்டனுக்குக்கூட இல்லை, பக்கத்து அறை பிசிக்ஸ் டீச்சருக்குத்தான். அந்த அம்மாளுக்கு மாடியில் 'சுடுதண்ணி' என்று பெயர். பேச்சும் சூடு, அதோடு வாரக் கடைசியில் வெகுநேரம் குழாய் ஓடுகிற சத்தம் அந்த அறையிலிருந்து கேட்கும். "இவ்வளவு நேரம் குளிக்க உடம்புல என்னதான் இருக்கோ" என்று எல்லோரும் கேலி செய்வார்கள். யாரோ ஒருத்தி அறையில் ஒளித்து வைத்திருந்த மின்சார அடுப்பை வார்டன் நேராக வந்து எடுத்தபோது, போட்டுக் கொடுத்தது சுடுதண்ணிதான் என்று ஒரு பேச்சு வந்தது. அன்றிலிருந்து கணக்கு டீச்சர் அவளோடு பஸ்ஸில்கூட அளந்துதான் பேசுவாள். நடுவில் ஒரே சுவர், ஒன்பது வருஷம், அவள் வீட்டில் எத்தனை பேர் என்றுகூட இவளுக்குத் தெரியாது.

இந்த வருஷம் பழைய வார்டன் ஊருக்கே போய்விட்டாள். குடியிருப்பு அதிகாரி கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு, "உங்களப் பத்தி ஒரு புகார் கெடையாது. நீங்களே வார்டனா இருங்க" என்றார். பாடத்தோடு சேர்த்துச் சுமக்க இன்னொரு வேலையா என்று வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தாள். "மொட்டமாடி பக்கம் தனி வீடு தருவோம். வார்டன் வீட்டுக் கதவுல மட்டும் உள்தாழ்ப்பா உண்டு" என்றார் அவர். சரி என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளைப் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டுப் போட்டுத் திறந்தாள். பித்தளைத் தாழ்ப்பாள், கழற்றவே வேண்டாம். கணவரிடம் போனில் பழையபடி கிசுகிசுவென்று பேச ஆரம்பித்து, அப்புறம் நினைவு வந்து தொண்டையைத் திறந்து பேசினாள். "என்னாச்சு, ஏன் கத்தற?" என்று அவர் பயந்துபோனார். "கத்தலைங்க. இதான் என் குரல்" என்றாள். ஐந்து வாரம் நன்றாகத் தூங்கினாள். மணிக்கட்டு வலிகூடக் குறைந்தது.

ஆறாவது வாரம் அதிகாரி நேரில் வந்து சோதனை போடுகிற வாரம். அதற்கு முந்தின நாள் வார்டன் ஒவ்வொரு அறையாகப் பார்த்துத் தாளில் குறித்து வைக்க வேண்டும். அவள் ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுத்தான் போனாள். சுடுதண்ணியின் அறையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. திரும்பும்போது கதவின் உள்பக்கம் கண்ணில் பட்டது. மார்பு உயரத்தில் நாலு வெள்ளைப் புள்ளி. விரலால் தடவினாள். விரலில் சாக்பீஸ் ஒட்டியது.

வாரக் கடைசிக் குழாய்ச் சத்தம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டுத் திருகாணி முறுக்க, அந்தப் பக்கம் இன்னொருத்தியும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். ஒளியைப் பற்றி வருஷம் முழுக்கப் பாடம் நடத்துகிறவளுக்கு மஞ்சள் சேர்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சுடுதண்ணி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். கணக்கு டீச்சர் தாளில் 'கதவு: சேதமில்லை' என்று எழுதிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் அதிகாரியின் கண் நேராக அந்தப் புள்ளிகளில்தான் விழுந்தது. நடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இது உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது."

"சரி, விட்டுட்டீங்க. இப்ப மாத்தி எழுதுங்க. வர மாசம் அவங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இதக் காட்டி நிறுத்திடலாம். மத்தவங்களுக்கும் பயம் இருக்கும்ல." பேனாவை நீட்டினார்.

டீச்சர் பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுதினால் மேலே அந்த வீடு, அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள், அந்தத் தூக்கம். எழுதாவிட்டால் எதுவும் இல்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, ஒன்பது வருஷத்து அலுப்பு மொத்தமாக.

"அதுக்கு முன்னாடி என் பழைய ரூமையும் பாத்துடுங்க சார்" என்றாள்.

அறை காலியாகவே கிடந்தது. அதிகாரி கதவைப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இங்க ஒண்ணும் இல்லையே" என்றார். அவ்வளவு சுத்தமான வேலை. டீச்சர் அவருடைய பேனா முனையாலேயே குத்தினாள். ஒரு ஓட்டையிலிருந்து சாக்பீஸ் பொலபொலவென்று உதிர்ந்தது, கூடவே உடைந்த தீக்குச்சியும் விழுந்தது.

"நீங்களா?" என்றார் அவர்.

"அஞ்சு வருஷமா. எழுதறதுன்னா ரெண்டு பேரையும் எழுதுங்க."

அவர் எழுதவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கணக்கையும் பிசிக்ஸையும் சேர்த்து அனுப்பிவிட்டு யாரை வைத்துப் பாடம் நடத்துவது? வார்டன் வேலையை மட்டும் வேறொருத்தியிடம் கொடுத்தார். சாவிக்கொத்தும் மேல்வீடும் அவளுக்குப் போயின. அடுத்த வாரமே மாடி முழுக்கக் கதவுகளை மாற்றினார்கள். எல்லாம் இரும்பு, திருகாணி ஏறாது.

"மறுபடி பழைய ரூமா? ஏன், என்ன பண்ணின?" என்று கணவர் கேட்டார். "ஒண்ணும் பண்ணலைங்க" என்று கிசுகிசுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கட்டிலில் படுத்திருந்தாள். மேலே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்த ஐந்து வாரமும் நினைவுக்கு வந்தன. கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்த முடியவில்லை. அம்மாவுக்காகவா வீட்டுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. நடையில் காலடி கேட்டது. சாவி திரும்பப்போகிறது என்று வழக்கம்போல் உடம்பு விறைத்தது.

இரண்டு தட்டு கேட்டது. மெதுவாக, விரல் முட்டியால்.

"நான்தான், பக்கத்து ரூம்" என்றது சுடுதண்ணியின் குரல். "உள்ள வரலாமா?"

கதவை அவள் பூட்ட மறந்திருந்தாள், தள்ளினால் திறந்துவிடும். டீச்சர் கண்ணைத் துடைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "இப்ப வேண்டாம் டீச்சர்" என்றாள். "நாளைக்கு வாங்க."

"சரி" என்றாள் சுடுதண்ணி. கதவு அசையவில்லை. காலடி திரும்பிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டீச்சர் வாய்விட்டு அழுதாள்.