சுசீந்திரத்தில் திருப்பிய வண்டி

என் அத்தை கன்யாகுமரிக் கடலில் கால் நனைக்காமலே செத்துப்போனாள். அதற்கு நான்தான் காரணம். அப்போது எனக்கு ஒன்பது வயது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். செய்வது இன்னதென்று தெரிந்தேதான் செய்தேன். தெரியாமல் இருந்தது வேறொன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத் தெருவில் எங்கள் வீடு. அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. நாஞ்சில்நாட்டுப் பக்கம் மோட்டார் பஸ் ஓடத் தொடங்காத காலம். ஒரு கோடை விடுமுறையில் அப்பா, கடலோரமாகவே கன்யாகுமரி வரை வில்வண்டியில் போய் வழியில் உள்ளதையெல்லாம் பார்த்துவிட்டு வரலாம் என்று அறிவித்தார். அப்பா இப்படி அறிவித்தது என் நினைவில் அந்த ஒரு முறைதான்.

அதன் ரகசியம் முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த நாளில் திருவிதாங்கூர் அரசாங்கம் பிராமண வழிப்போக்கர்களுக்கு இலவசமாகச் சோறு போட ஊட்டுப்புரைகள் நடத்திவந்தது. பல இடங்களில் மூடிவிட்டார்கள். மூடாதவை எவை என்று அப்பா கச்சேரியில் விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். எங்கள் பிரயாணம் அந்தக் காகிதத்தின் வழியே போயிற்று. ஊட்டுப்புரைகளோ ராஜபாட்டையில் இருந்தன. கடலோரத்தில் ஒன்றுகூட இல்லை. விழிஞ்ஞத்துக்குத் திரும்பும் பாதையில் வண்டிக்காரர் கயிற்றை இழுத்தபோது அப்பா, "அங்கே என்ன இருக்கு, உப்புத் தண்ணி. நெய்யாற்றின்கரையிலே பந்தி போட்டுடுவா. ஓட்டு" என்றார். கடலோரப் பிரயாணத்தில் மூன்று நாளாக நாங்கள் கடலைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் சாம்பாரும் எரிசேரியும்தான். பத்மநாபபுரம் அரண்மனையைக்கூட வண்டியில் இருந்தபடியே, மதிலுக்கு மேல் தெரிந்த ஓடுகளாகத்தான் பார்த்தோம்.

வண்டியில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. பத்து வயதில் கல்யாணமாகி, புருஷன் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே தாலி இழந்தவள். தலையை மழித்து, பழுப்பு நார்மடிப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார்மேலும் படாமல் வண்டியின் பின் மூலையில் உட்கார்ந்திருப்பாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். எனக்குக் கிழவியாகத் தெரிந்தாள். அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஏகாதசி உபவாசம் இருந்து துவாதசி விடியற்காலையில் கன்யாகுமரியில் ஒரு முழுக்குப் போட வேண்டும். வாழ்நாளில் அவள் வாய்விட்டு எதையாவது கேட்டது அதுதான் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. குளச்சலில் கப்பல் பார்க்க வேண்டும். கயிறும் தேங்காய் நாரும் ஏற்றப் புகைக்கப்பல் வந்து நிற்கும் என்று வண்டிக்காரர் என்னைப் பைத்தியமாக்கி வைத்திருந்தார். "நல்ல பெரிய கப்பலாக்கும் குஞ்ஞே. கரையிலே நின்னா புகை நம்ம மூக்கிலே வரும்." அப்பாவும் சத்தியம் மாதிரி சொல்லியிருந்தார்.

ஏகாதசியன்று காலை தக்கலை முக்கில் வண்டி நின்றது. வலது பக்கம் குளச்சல்.

"சாமி, கப்பலுக்குத் திரும்பட்டா?"

அப்பா சூரியனைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். "வேண்டாம். ராத்திரிக்குள்ளே கன்யாகுமரி சேரணும். அத்தைக்கு ஸ்நானம் தப்பிடும். கப்பலைத் திரும்பி வரச்சே பாத்துக்கலாம்."

"வரச்சே பாத்துக்கலாம்னா பாக்கமாட்டேள்" என்று கத்தினேன்.

"வாயை மூடு. பெரியவா காரியம் இருக்கு."

அத்தை மூலையிலிருந்து, "அண்ணா, கொழந்தை ஆசைப்படறான். போயிட்டே போகலாமே. நாளைக்கு விடியறதுக்குள்ளே சேந்தா எனக்குப் போரும்" என்றாள். அப்பா கையை ஆட்டி வண்டியை நேரே ஓட்டச் சொன்னார். சுசீந்திரத்து ஊட்டுப்புரையில் மத்தியானப் பந்தி தப்பிவிடும் என்பதுதான் விஷயம். பிரயாணத்தில் இருப்பவனுக்கு ஏகாதசி கிடையாது என்று அப்பா ஏதோ சாஸ்திரத்தில் கண்டுபிடித்திருந்தார். அத்தை எனக்காகப் பேசியது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவளால் என் கப்பல் போயிற்று. அவ்வளவுதான். அந்த மொட்டைத் தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சுசீந்திரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் கடையத்தில் எவரோ ஒரு பங்காளி செத்து, பத்து நாள் தீட்டு என்று எங்கள் வீட்டில் தீபாவளி இல்லாமல் போயிருந்தது. புதுத்துணி இல்லை, பட்டாசு இல்லை. அந்தப் பங்காளியின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு சாவுச் செய்திக்கு எவ்வளவு பலம் உண்டு என்று அன்று கற்றுக்கொண்டேன். எங்கள் தெருக்கோடியில் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் இருந்தார்; எனக்குப் பெரிய தாத்தா. நாங்கள் புறப்படும்போது காய்ச்சலாகப் படுத்திருந்தார்.

சுசீந்திரத்தில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, அப்பாவிடம் சொன்னேன்: "எனக்குப் பக்கத்து எலையிலே ஒரு மாமா சாப்பிட்டார். கோட்டைக்குள்ளேருந்து வராராம். பெரிய தாத்தா முந்தாநாள் போயிட்டாராம்."

அப்பாவின் முகம் சுருங்கியது. "யாருடா அவர்? எங்கே?"

"சாப்பிட்டுட்டு அப்பவே போயிட்டார்."

அப்பாவும் அம்மாவும் என்னையும் இழுத்துக்கொண்டு போய் உடுத்திய துணியோடு தெப்பக்குளத்தில் முழுகினார்கள். தீட்டுக்காரர்கள் தீர்த்த யாத்திரை போகக்கூடாது. அத்தை வேறு கோத்திரத்துக்குப் போனவள்; அவளுக்கு ஒரு முழுக்கோடு சரி. கன்யாகுமரிக்கு இன்னும் ஏழெட்டு மைல்தான் இருந்தது. வண்டிக்காரரே, "அம்மையை நான் கொண்டுபோய்க் காட்டிட்டு வரட்டா சாமி? நீங்க இங்கெ இருங்கோ" என்றார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். விதவைத் தங்கை வண்டிக்காரனோடு தனியாகப் போவதா?

ஈரத்துணியை மாற்றி என்னை வண்டியில் ஏற்றினார்கள். குளக்கரையில் அத்தை அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொல்வது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அப்பா போட்ட சத்தம் மட்டும் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்து மூலையில் ஏறினாள். எனக்குப் பரம திருப்தி. வண்டியில் ஒளித்து வைத்திருந்த நேந்திரங்காய் வறுவலைத் தின்றேன்.

"திருப்புடா வண்டியை" என்றார் அப்பா.

மூன்று நாள் கழித்துத் தெருவில் நுழைந்தால், பெரிய தாத்தா வாசலில் நின்று கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். தனக்காக அப்பா குளத்தில் முழுகிய செய்தி தெரிந்ததும் தாத்தா ஆறு மாதம் அப்பாவோடு பேசவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை. எவனோ ஆள் தெரியாமல் குழந்தையிடம் உளறிவிட்டான் என்று முடிவாயிற்று. பிறகு அம்மா அடுக்களையிலிருந்து, அத்தையின் காதில் விழும்படி சொன்னாள்: "மொட்டச்சியை முன்னாலே விட்டுண்டு கெளம்பினா வேறென்ன நடக்கும்?"

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இருந்தது. ஏதாவது காரியம் கெட்டால், "கன்யாகுமரி யாத்திரை மாதிரி" என்பார்கள். நான் பள்ளி முடித்தேன், கல்லூரி முடித்தேன், அரசாங்க உத்தியோகத்தில் உட்கார்ந்தேன். சொல்லவில்லை. தைரியம் இல்லை என்றால் அது பொய். சொல்லவேண்டிய அவசியம் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அத்தை என் வீட்டில் இருந்தாள். எனக்கு முப்பத்தைந்து வயது. ஒரு துவாதசிக் காலையில் அவள் எனக்கு அகத்திக்கீரை பரிமாறும்போது சொல்லிவிட்டேன். பக்கத்து இலையில் யாரும் இல்லை, எல்லாம் என் புளுகு என்று.

"தெரியும்" என்றாள். கரண்டி நிற்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"எனக்கு அன்னிக்கு உபவாசம். பட்டினி கெடக்கறவளுக்கு வேறென்ன ஜோலி? கதவண்டை நின்னுண்டு நீ சாப்பிடறதையேதான் பாத்துண்டிருந்தேன். ஒன் ரெண்டு பக்கத்து எலையும் காலி. யாரும் ஒன்னோட பேசல்லை."

"அப்பாகிட்டே சொல்லக்கூடாதோ?"

"சொன்னேனே. கொளக்கரையிலே. ஸ்நான ஆசையிலே சாவையே மறைக்கப் பாக்கறயா, ஆம்பளக் கொழந்தையைப் பொய்யனாக்கறயான்னார்."

"அத்தை, நாளைக்கே ஒரு வாடகைக் கார் வைக்கிறேன். கன்யாகுமரி போலாம்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மொதல்லே குளச்சல். அந்தக் கப்பலைக் காட்டு."

தக்கலை முக்கில் கார் வலது பக்கம் திரும்பியது. கரையில் கட்டுமரங்கள் கிடந்தன. வெயிலில் வலை உணத்திக்கொண்டிருந்தவர்கள் மொட்டைத்தலைப் பாட்டியை நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தை மணலில் நடந்து தண்ணீர் படாத இடத்தில் நின்றாள்.

"எங்கே கப்பல்?"

"இப்போ இங்கே கப்பல் வரது கொறஞ்சுபோச்சு அத்தை."

அவள் நெற்றியில் கையை வைத்து, கடல் முழுவதையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

திரும்பி நடந்து காரில் ஏறிக்கொண்டாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் கன்யாகுமரி என்றேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அத்தை பின்னாலிருந்து சொன்னாள்:

"வேண்டாம். திருவந்தரத்துக்குத் திருப்பச் சொல்லு."

கெஞ்சினேன். டிரைவர் இருக்கும்போதே அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்கள்ளாம் திருப்பினேள். இன்னிக்கு நான் திருப்பறேன். அவ்வளவுதான். நீ அழாதே, நாழியாறது."

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். எனக்கும் என் குழந்தைகளுக்கும் சமைத்துப் போட்டாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் கன்யாகுமரி என்று ஆரம்பிப்பேன். "புளியைக் கரைக்கணும்" என்று எழுந்து போய்விடுவாள்.

அந்த வில்வண்டியில் எல்லோரும் கோபமாகவே போனோம். அப்பாவுக்குப் பந்தியைப் பற்றிக் கோபம், அம்மாவுக்கு அப்பாமேல் கோபம், எனக்குக் கப்பல் கோபம். மாடுகூட முரண்டு பிடித்தது. மூலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கும் கோபம் வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.