சாமி மேடைக்குக் கீழே ஒரு மீன் தொட்டி

மீன் தொட்டிக்குச் சாமான் செய்கிறவர்களில் ஒருவர்கூட வீட்டில் மீன் வளர்ப்பதில்லை என்பது என் திடமான நம்பிக்கை. வளர்த்திருந்தால், கண்ணாடியில் அமுக்கி ஒட்டும் அந்த ரப்பர்க் கிண்ணத்தை இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும்போது அட்டையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். தொட்டியில் வைத்தால் சில நாள் மரியாதையாக நிற்கும். பிறகு வீட்டில் எல்லாரும் சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து 'டப்' என்று கழன்று, தான் தாங்கிக்கொண்டிருந்த தெர்மாமீட்டரையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். பெட்டியில் மட்டும் 'புரோ' என்று தங்க எழுத்து.

தண்ணீர் மாற்றும் குழாயைப் பற்றிப் பேசவே கூடாது. ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறு முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். எந்த நொடியில் வாயை எடுக்க வேண்டும் என்பதுதான் வித்தை. அந்த வித்தை எனக்கு இன்றுவரை வரவில்லை. மீன் குடித்து, கழித்து, மறுபடியும் குடித்த தண்ணீரை நானும் குடித்திருக்கிறேன், அதுவும் காலையில் பசியாறுவதற்கு முன்பே. கையால் அமுக்குகிற குழாயும் உண்டு, வாங்கினேன். அது தொட்டித் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உறிஞ்சியது.

தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டை இன்னொரு கூத்து. நனைத்தெடுத்து டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். இளமஞ்சள் என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். இன்னும் சற்று மஞ்சள் என்றால் ஆழ்ந்த இரங்கல். மூக்குக் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்க்கிற வயதில் இருப்பவனுக்கு இந்த மூன்று மஞ்சளும் ஒரே மஞ்சள்தான். எனக்கு வேண்டியது 'நல்லா இருக்கு', 'செத்தோம்' என்று எழுத்தில் சொல்லும் பட்டை. அதை எவனும் செய்யவில்லை. தொட்டிக்குள் நிறம் மாறும் விளக்கு மட்டும் பதினாறு தினுசில் செய்து வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் நான் வாங்கியது மீன் ஆசையில் அல்ல, பயத்தில். மீன் என்னுடையதே இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கிள்ளான் பாசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்த ஆஸ்கார் வகை மீன். அப்போது கட்டைவிரல் அளவு. இப்போது என் உள்ளங்கையைவிடப் பெரிது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு, வட்டிக்கடைக்காரர் பார்வை. மகள் விரலை நீட்டினால் வந்து தீனியை வாங்கிக்கொள்ளும். நான் நீட்டினால் முதுகைக் காட்டும். அவள் பினாங்குக்குப் படிக்கப் போனபோது, "தீபாவளிக்கு வர்ற வரைக்கும் பாத்துக்குங்கப்பா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்," என்றாள். நானும் நெஞ்சில் கை வைத்து, "அது எம் பொறுப்பும்மா," என்றேன். வாய் இருக்கிறதே!

தொட்டி அவளுடைய அறையில் இருந்தது. அங்கே இருந்தால் மறந்துவிடுவேன் என்று பயந்து கூடத்துக்கு மாற்றினேன். கிள்ளானில் மேரு பக்கம் எங்கள் தெரு வீடுகளைக் கட்டியவர் மின்சாரத்தை அபூர்வப் பொருளாக நினைத்தவர் போலும், கூடத்தில் சும்மா கிடந்த பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, சாமி மேடைக்குக் கீழே. தொட்டியை அங்கே வைத்தேன். மேடைக்கு அடியில் இருந்த பலகையில் காற்று பம்ப் உட்கார்ந்தது.

"சாமிக்குக் கீழ மீன் நாத்தமா? நல்லா இருக்கு உங்க யோசன," என்றாள் மனைவி.

"நாத்தம் வராது. ஃபில்டர் இருக்கு."

"ஃபில்டர் தொட்டிக்குத்தான இருக்கு, கூடத்துக்கு இல்லையே."

அதோடு அவள் விட்டுவிட்டாள். அதாவது, வாயால் விட்டுவிட்டாள்.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை காலை, மீன் மேல்தண்ணீருக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நிறம் மங்கிப் போயிருந்தது. தீனியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படமெடுத்து நான் சேர்ந்திருந்த மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தக் குழுவைப் போல் ஓர் அறிவுக் களஞ்சியத்தை நீங்கள் பார்க்க முடியாது. அவரவர் மீன் செத்த அனுபவத்தை வைத்துத்தான் அங்கே எல்லாரும் நிபுணர். ஒருவர் குளிர் என்றார், ஒருவர் கிருமி என்றார், ஒருவர் நான் யார் முகத்தில் விழித்தேன் என்று கேட்டார்.

நான் காடியைக் கிளப்பிக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் என்னைவிட இளையவர். நான் கதவைத் தள்ளும் வேகத்தைப் பார்த்தே எவ்வளவு பெரிய பை எடுக்கலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்.

"அண்ணே, பதறாதீங்க லா. குளிரு ஏறியிருக்கும். ஹீட்டர் ஒண்ணு போடுங்க."

வாங்கி வந்து மாட்டினேன். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னது இது?"

"தண்ணிய வெதுவெதுப்பா வச்சிருக்கும்."

"கிள்ளான் வெயில்ல உக்காந்துகிட்டு தண்ணிய சுட வைக்கிறீங்களா? அப்படியே புளியையும் கரைச்சு ஊத்துங்க, மத்தியானத்துக்கு ஆச்சு."

தண்ணீரில் பாதியை மாற்றினேன், ஒரு வாயும் குடித்தேன். செவ்வாய்க்கிழமை மீன் தெளிந்துவிட்டது. பார்த்தீர்களா! பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து குழுவுக்கு ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பினேன். 'நண்பர்களே, ஹீட்டரை யாரும் ஏளனமா நெனைக்காதீங்க' என்று தொடங்கும் அந்தப் பேச்சை இப்போது கேட்டால் எனக்கே காது கூசுகிறது. ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஹீட்டரைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள், கேட்காமலே.

சனிக்கிழமை மீன் மறுபடியும் மேலே வந்து வாயைத் திறந்தது.

இந்தத் தடவை கிருமி. கிருமியைக் கொல்லும் நீல விளக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை மீன் தெளிந்தது. நான் ஹீட்டரைக் கைகழுவிவிட்டு நீல விளக்கின் புகழைப் பாடினேன். அதற்கடுத்த சனிக்கிழமை கதை திரும்பவும் அதே கதை. அலை கிளப்பும் விசிறி வந்தது. அது கிளப்பிய அலையில் மீன் எதிர்க் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் ஒட்டவேண்டியது ஒட்டாமல் மீன் ஒட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் காணொளியில் அழைப்பாள். "மீன காட்டுங்கப்பா."

"தூங்குதும்மா."

"மீனு சாஞ்சுகிட்டா தூங்கும்?"

"கேமரா சாஞ்சிருக்கு."

பெற்ற பிள்ளையிடம் இப்படிப் புளுகிவிட்டு மறுபடியும் கடைக்கு ஓடுவேன். ஒரு நாள் கடைக்காரரிடம் கேட்டே விட்டேன்.

"தம்பி, மீனுக்கு என்னா கோளாறுன்னு சொல்ற மிஷின் இருக்கா? செவப்பு லைட்டு எரியணும், 'இதுதான்டா காரணம்'னு சொல்லணும். அவ்ளோதான்."

"அந்த மாதிரி இன்னும் வரல அண்ணே. வந்தா மொத ஆளா உங்களுக்குத்தான் போன் போடுவேன்." சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். "வாயத் தொறக்குதுன்னா ஆக்சிஜன் பத்தல. ரெண்டாவது பம்ப் போடுங்க. டபுள் பவர்."

இரட்டைச் சக்தி பம்பும் முதல் பம்புக்குப் பக்கத்தில், அதே பலகையில், சாமி மேடைக்குக் கீழே உட்கார்ந்தது. தொட்டியில் இப்போது குமிழி தவிர வேறொன்றும் தெரியவில்லை. நல்ல சாமான் சேர்ந்துவிட்டது, மீனுக்குத்தான் திரும்ப இடமில்லை. அந்த வாரம் மீன் முன்னைவிட மோசமாகப் படுத்தது. செவ்வாய்க்குப் பதில் வியாழனாயிற்று தெளிய.

தீபாவளி நெருங்கியது. சனிக்கிழமை காலை மகள் பினாங்கிலிருந்து ரயிலில் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என் பயமே. இதுவரை எல்லா வெள்ளிக்கிழமையும் நன்றாக இருந்துதானே சனிக்கிழமை கவிழ்ந்தது? ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி தாண்டினால் போதும்.

மனைவி விளக்கேற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கப் சாம்பிராணியைத் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். ஒன்றல்ல, மூன்று. மீன் தொட்டி கூடத்துக்கு வந்ததிலிருந்து மூன்று. வீட்டு மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டிவிட்டு, மிச்சம் எரிந்து அடங்கத் தட்டை மேடைக்கு அடியில் வைப்பது அவள் வழக்கம்.

கடையில் இல்லாத மிஷின் கடவுளிடமாவது இருக்காதா என்று எனக்குத் தோன்றியது. இந்தச் சடங்குகளைப் பற்றி நான் கிண்டலடித்த கிண்டலுக்கு அளவே கிடையாது. கண்ணேறு கழிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பாக வரும். அப்பேர்ப்பட்ட நான் எழுந்து கையை நீட்டினேன்.

"அந்தத் தட்ட இங்க குடு. மீனுக்கும் கொஞ்சம் காட்டுறேன்."

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாமியே இல்லன்னு சொன்ன ஆளு."

"குடு லா. புள்ள நாளைக்கு வருது."

வாங்கினேன். அவள் முறுக்கு சுடச் சமையலறைக்குப் போனாள். நான் தொட்டியைச் சுற்றிக் காட்டினேன். போதாதென்று, புகை நன்றாகப் பிடிக்கட்டும் என்று தட்டை இரண்டு பம்புக்கும் நடுவே வைத்து, பழைய நாள்காட்டி அட்டையால் வீசினேன். பக்தியில் கண் மூடியிருந்தது. திறந்தால், தண்ணீரிலிருந்து புகை வருகிறது!

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். குமிழி ஒவ்வொன்றும் வெள்ளையாக மேலே ஏறி, 'புஸ்' என்று வெடித்து, சின்னச் சின்னப் புகையாக எழும்புகிறது. தொட்டி முழுக்கச் சுருட்டுப் பிடிக்கிற மாதிரி. ஹீட்டர், நீல விளக்கு, விசிறி, இத்தனை வயரும் தண்ணீருக்குள் இருப்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. ஓடிப்போய் வீட்டின் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டேன். வீடு இருண்டது. சமையலறையில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த மனைவியின் விசிறியும் விளக்கும் போயின.

"என்னங்க! என்னாச்சு?"

"தண்ணி தீப்பிடிச்சிருச்சு!"

கைப்பேசி வெளிச்சத்தோடு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், நாள்காட்டி அட்டையோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். போய் மெயினைப் போட்டாள். பம்பிலிருந்து போகும் குழாயின் முனையைத் தண்ணீரிலிருந்து உருவி என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

சாம்பிராணி வாசம். கமகமவென்று.

"இத்தன வாரமா இதுக்கு உள்ளயே தூபம் போட்டுருக்கீங்க," என்றாள்.

"போட்டது நீ!"

"பம்ப இங்க வச்சது யாரு? ஒண்ணு பத்தலன்னு ரெண்டு வச்சது யாரு? இப்ப அட்டைய வச்சு வீசுனது யாரு?"

மூன்றுக்கும் ஒரே ஆள்தான்.

சிரிக்க நேரமும் இல்லை. இன்றுபோல் என்றும் இவ்வளவு புகை உள்ளே போனதில்லை. மீன் ஏற்கெனவே ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. மூலையில் ஒதுங்கிக் கிடந்தது, அதன் கண் என்னையே பார்த்தது, வழக்கத்துக்கு மாறாக முதுகைக் காட்டாமல். வெளியே டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்தேன். உறிஞ்சிய குழாயில் ஒரு வாய் குடித்தேன், இந்தத் தடவை சாம்பிராணி மணத்தோடு. மனைவி முறுக்கை விட்டுவிட்டு ஜன்னல்களைத் திறந்தாள். பம்ப் வாங்கிய பெட்டியைக் குடைந்து, நான் பிரித்துக்கூடப் பார்க்காத நீளக் குழாய்ச் சுருளை எடுத்தாள். அதை மாட்டி ஒரு பம்பை மகளின் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். இன்னொன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். ஹீட்டர், விளக்கு, விசிறி எல்லாம் என் கைக்கே வந்தன. வாங்கிக்கொண்டு நின்றேன்.

காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய்ப் பார்த்தேன். மீன் நேராக நின்றது. நிறம் வரவில்லை, ஆனால் நேராக நின்றது. மேல்தண்ணீருக்கு வரவில்லை. என்னைக் கண்டதும் மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. அந்த முதுகைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிய காலோடு தொட்டிக்குப் போய் விரலை நீட்டினாள். மீன் கொஞ்சம் யோசித்தது. பிறகு வந்து, தீனியைக் கவ்விக்கொண்டு போயிற்று.

"எளச்சிருக்கேப்பா?"

"டயட்டும்மா," என்று நான் தொடங்குவதற்குள் மனைவி சமையலறையிலிருந்தே முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். தண்ணீர் தீப்பிடித்த இடத்தில் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேமரா சாஞ்சிருந்துச்சாப்பா?" என்றாள்.

மற்றவர் மீனாவது பிழைக்கட்டும் என்று குழுவில் எழுதினேன்: 'காற்று பம்பைச் சாமி மேடைக்குக் கீழே வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையை இழுக்கிறது.' ஹீட்டரைப் பற்றி நான் சொன்னபோது கைதட்டியவர்கள் எவரும் இதற்குக் கைதட்டவில்லை. ஒருவர் மட்டும், எந்தக் கம்பெனி சாம்பிராணி என்று கேட்டார்.

பிறகு, அதே குழுவில் இருக்கும் மீன் கடைக்காரரின் குரல் பதிவு வந்தது. மகளும் மனைவியும் கேட்கும்படி சத்தமாகவே போட்டேன்.

"அண்ணே, நல்ல பாயிண்ட் சொன்னீங்க லா. பம்ப்ல மாட்டுறதுக்கு, பொகைய வடிகட்டுற சாமான் ஒண்ணு வரப் போவுதுன்னு கேள்வி. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கவா?"

அறைக்குள் பம்ப் சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது. மீன் நேராக நின்றுகொண்டிருந்தது. இனி எனக்கு எந்தச் சாமானும் வேண்டியதில்லை. என் கட்டைவிரல் மட்டும் 'எப்ப வரும்?' என்று தட்டிக்கொண்டிருந்தது. மகள் கைப்பேசியைப் பிடுங்கினாள்.