அப்பா, இங்க வா

நான் கணக்கு டீச்சர். பேய், சகுனம் என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது ஆரம்பித்தால் பேப்பர் திருத்த வேண்டும் என்று எழுந்து போய்விடுகிற ஆள். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சாமி படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று யாராவது போட்டால், அங்கேயே கேலி செய்துவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பெருங்களத்தூரில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. நானும் என் கணவர் ரமேஷும் மட்டும்தான். கல்யாணமான புதிதில் ஒரு முறை கர்ப்பம் தங்கி, ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு தாம்பரம், குரோம்பேட்டை என்று டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்து, ஒரு கட்டத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே நிறுத்திவிட்டோம். பேச்சும் அப்படியே குறைந்துபோனது. சண்டை என்று எதுவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் சோபாவின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான், ஆளுக்கொரு போன். அவர் ஒரு ரீல்ஸைப் பார்த்துச் சிரித்து எனக்கு அனுப்புவார், பக்கத்திலேயே என் போன் டிங் என்னும், நான் ஒரு சிரிப்பு பொம்மையைத் திருப்பி அனுப்புவேன், இரண்டு பேரும் தலை நிமிர மாட்டோம். அப்போது எங்கள் குடித்தனம் அதுதான்.

அன்றைக்குப் பள்ளி விட்டு வந்து, அடுப்பில் டீக்கு வைத்துவிட்டு, நின்றபடியே ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். யாரோ கோலம் போடுகிறார்கள், யாரோ பிரியாணி கிண்டுகிறார்கள், ஒரு நாய்க்குட்டி குளிக்கிறது. அதற்கு நடுவில் எங்கள் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வந்தது. நம்ம ஊராயிற்றே என்று விரலை நிறுத்தினேன். நல்ல மழை. ஒதுங்கி நிற்கிற கூட்டத்தில், காதில் இயர்போனோடு, போனைப் பார்த்தபடி என் கணவர் நிற்கிறார். பழைய வீடியோ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் போட்டிருந்த நீலச் சட்டை முந்தின நாள் சாயங்காலம்தான் ஆன்லைனில் வந்து இறங்கியது, அன்று காலையில்தான் முதல்முறையாகப் போட்டுக்கொண்டு போனார்.

படம் கொஞ்சம் தாழ்வான இடத்திலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. போனுக்கு மிக அருகிலிருந்து ஒரு குழந்தையின் குரல், "அப்பா, இங்க வா." அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. சிரித்துக்கொண்டே கேமராவை நோக்கி நடந்து வந்தார். அவ்வளவுதான் வீடியோ. முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. அப்பா, இங்க வா. அப்பா, இங்க வா.

எனக்கு அந்த நேரத்தில் அமானுஷ்யம் எல்லாம் தோன்றவே இல்லை. எந்தப் பெண்ணுக்கும் முதலில் என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. டீ பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல், போனை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு ஜெசிந்தா அக்காவிடம் ஓடினேன். ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அந்த மாடியில் நான் நின்று பேசுகிற ஒரே ஆள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது நம்ம ரமேஷ்தானே? யாரு பிள்ளைம்மா கூப்பிடுது?"

"அதான் எனக்குத் தெரியணும் அக்கா."

என்னால் இன்னொரு முறை பார்க்க முடியவில்லை. போனை அவர் கையிலேயே விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். அவர் மறுபடியும் மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் "ஏம்மா, காணமே, வேற ஏதோ வந்துடுச்சு" என்றார். வாங்கித் தள்ளிப் பார்த்தேன், பின்னால் போய்ப் பார்த்தேன், இல்லை. என் கணவருக்கு போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"போன்ல கத்தாத. வூட்டுக்கு வரட்டும், உக்கார வச்சு நிதானமாக் கேளு" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியில் சடசடவென்று மழை பிடித்தது. "ஐயையோ, மாடில துணி காயுதே" என்று மேலே ஓடினார். அதுவரை எங்கள் பக்கம் ஒரு தூறல் இல்லை, வெயில்கூட இருந்தது. வீடியோவில் மட்டும் எப்படி மழை என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இருட்டுகிற நேரத்தில் என் கணவர் வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை நான். கதவைச் சாத்தியதும், "அந்தக் குழந்தை யாருங்க?" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் உண்மைதான் என்று நினைத்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும் கவி?" என்றார். "நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலியே."

பிறகு சொன்னார். ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது, ஸ்டாப்புக்குப் பக்கத்துக் கட்டடத்தின் ஓரமாக ஒதுங்கினார். இயர்போனில் ஏதோ கிரிக்கெட் பேச்சு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தால்கூடக் கேட்காது. அப்போது ஒரு பிள்ளை கூப்பிட்டது.

"காதுக்குள்ள இல்ல கவி. வெளிய. என் இடுப்பு உயரத்துல இருந்து. அப்பா, இங்க வான்னு. நமக்கு யாரு இருக்கா, என்னைத்தான் கூப்பிடுதுன்னு எனக்கு எப்படித் தோணுச்சுன்னு தெரியல. ஆனா தோணுச்சு. நாலு அடி மழைக்குள்ள போயிட்டேன்."

"அங்க யாரு இருந்தா?"

"யாருமே இல்ல. ரோடும் தண்ணியும்தான். பின்னாடி டமார்னு சத்தம்."

அவர் நின்றிருந்த இடத்தில், மேலே இருந்த விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் காற்றில் பிடுங்கிக்கொண்டு விழுந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அங்கே நிறுத்தியிருந்த ஒரு பைக் அப்பளமாக நொறுங்கிப்போனது.

என் கணவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார். பயத்தில் இல்லை. "அவ்வளவு உரிமையாக் கூப்பிட்டுச்சு கவி" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார். நான் பார்த்த வீடியோவைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் உடம்பு முழுக்கப் புல்லரித்துப்போய், போன்கள் எங்கே கிடக்கின்றன என்றுகூடத் தெரியாமல், கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். கோயிலில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

மறுநாளிலிருந்து அந்த வீடியோவை நான் தேடாத விதம் இல்லை. பெருங்களத்தூர், மழை, பஸ் ஸ்டாப் என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் போனைக் கொடுத்து, பார்த்த வீடியோக்களின் வரிசையை எடுத்துத் தரச் சொன்னேன். கோலம் இருந்தது, பிரியாணி இருந்தது, நாய்க்குட்டி இருந்தது. அதற்கடுத்து வேறு ஏதோ. நடுவில் ஒன்றுமே இல்லை. ஜெசிந்தா அக்கா மட்டும் பார்த்திராவிட்டால் எனக்கே புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பேன்.

இன்றும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆனால் நாங்கள் பேசிக்கொள்கிறோம். கூட்டத்தில் எங்காவது ஒரு பிள்ளை அப்பா என்று கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்ப்பார், நானும் பார்ப்பேன்.

போன வருஷம் ஜெசிந்தா அக்கா குன்றத்தூர்ப் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, என்னை மட்டும் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"கவிதா, அன்னிக்கு ஒண்ணு நான் உன்கிட்ட சொல்லல. நீ அழுதுக்கிட்டு இருந்தே. வேற ஒருத்தியும் கூட இருக்கான்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு விட்டுட்டேன்."

"என்ன அக்கா?"

"கடைசியில ஓரமா ஒரு சின்னக் கை தெரிஞ்சுது. யாரோ ஒரு பொம்பள முந்தானையைப் பிடிச்சிருந்துச்சு. அவ முகம் தெரியல. புடவை நீ அன்னிக்குக் கட்டியிருந்த அதே மாம்பழக் கலர். ஆனா அது உன்னுது இல்லம்மா. அந்த முந்தானை ஓரத்துல இஸ்திரிப் பெட்டி சுட்ட மாதிரி ஒரு கறை இருந்துச்சு."

சரிக்கா என்றேன். வீடியோ பார்த்த அன்று காலை அவசரத்தில் இஸ்திரி போட்டபோது என் மாம்பழக் கலர்ப் புடவையின் முந்தானை ஓரத்தைச் சுட்டுவிட்டேன். மாற்ற நேரமில்லாமல், யார் கண்ணிலும் படாதபடி அந்த ஓரத்தை மடித்து இடுப்புக்குள் செருகிக்கொண்டு போனேன். வீடு திரும்பி, அக்கா வீட்டில் சுவரைப் பார்த்து அழுத நேரம் வரைக்கும் அது வெளியே வரவே இல்லை.