இரண்டு தாள், ஓர் ஆள்

புதன்கிழமை, நுவரெலியாவில், கல்வி அலுவலகக் கவுன்டரில் ஒரு கணித ஆசிரியர் கூட்டலில் ஃபெயிலானார்.

(அந்த ஆசிரியர் நான்தான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.)

விஷயம் இதுதான். அக்கரப்பத்தனைப் பக்கம் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையில் ஓ.எல் (பதினோராம் வகுப்பு) வரைதான் வகுப்பு. அதற்கு மேல் படிக்க இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போகவேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் போவதில்லை, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள்.

நாங்கள் ஏ.எல் (பன்னிரண்டு, பதின்மூன்று) வகுப்பு கேட்டோம். அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது. கடைசி இரண்டு வருடங்களில் தகுதி பெற்று, வகுப்புக்கு வரத் தயாராக இருக்கும் பிள்ளைகள் பதினைந்து பேராவது வேண்டும்.

நான் இரண்டு வருடப் பெறுபேற்றுத் தாள்களையும் வைத்து, பரீட்சைச் சுட்டெண் ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பதினேழு என்று எழுதிக்கொண்டு போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

கவுன்டரில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். பென்சிலை மெதுவாக ஓட்டினார்.

"சேர், இந்தப் பிள்ளை ரெண்டு வருசத்திலயும் நிக்குதே?"

"ஆமாங்க, ரெண்டு தடவ எழுதுன புள்ள. ரெண்டு தடவயும் பாஸ்."

"அப்ப ரெண்டு பிள்ளையோ?"

எட்டித் தாளைப் பார்த்தேன்.

ஒவ்வொரு முறையும் சுட்டெண் புதிது. நான் எண்ணியது பிள்ளைகளை அல்ல, எண்களை. அப்படி மூன்று பேர் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். முதல் தடவையே தகுதி பெற்றவர்கள் ஏன் மறுபடி எழுதினார்கள்? மேலே வகுப்பு இல்லை. சும்மா வீட்டில் இருக்க மனமில்லாமல் அதே பரீட்சையை இன்னொரு முறை எழுதியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பதினேழு, பதினாலு ஆகிவிட்டது. ஒரே ஒருவர் குறைவு.

அதிகாரி தாளைத் திருப்பித் தரவில்லை. யோசித்தார்.

"ஒராளை ரெண்டு தரம் எண்ணினது பிழை. சரி. ஆனா ரெண்டு தாளிலயும் பாதி பாதியா நிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லையோ? ரெண்டு முறைக்குள்ள பாடமெல்லாம் பாஸானா எங்களுக்கு அது போதும்."

"அப்புடி எங்க ஸ்கூல்ல எழுதுனவங்கள சேத்தாச்சுங்க."

"வெளியில, பிரைவேட்டா எழுதினவை?"

அப்போதுதான் செல்வராணி ஞாபகம் வந்தாள். முதல் தடவை எட்டுப் பாடம் பாஸ், அதில் நாலு சி (திறமைச் சித்தி). கணிதம் மட்டும் போயிற்று. (யார் படிப்பித்த கணிதம் என்று கேட்காதீர்கள்.) பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். பிரைவேட்டாகக் கணிதம் எழுதப்போகிறாள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை.

"வெள்ளிக்கிழமை பட்டியல் மேல போகுது சேர். அதுக்குள்ள கொண்டு வாங்கோ."

தலவாக்கலையில் அடுத்த பஸ் பிடித்துத் தோட்டத்தில் இறங்கும்போது பின்னேரக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வராணி வரிசையில் நின்றாள், பின்னால் அவள் அம்மா.

"செல்வராணி, கணக்கு ரிசல்ட் வந்துச்சாம்மா?"

"போன வருசமே வந்துருச்சு சேர்."

"என்ன?"

"எஸ்."

"பாஸ்தானே? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஒத்தப் பாடந்தானே சேர். மொத தடவ பாஸானவங்க பேர போர்டுல எழுதுனீங்க, எம்பேரு இல்ல. அதோட முடிஞ்சிருச்சுனு நெனச்சேன்." தராசைக் காட்டினாள். "இங்க இன்னிக்கி கிலோ கொறஞ்சா அரப்பேரு, அரநாள் சம்பளந்தான். நாளைக்கி எவ்வளவு கூடப் பறிச்சாலும் இன்னிக்கி நாள முழுசாக்க மாட்டாங்க. பரீட்சையும் அப்புடித்தான்னு இருந்துட்டேன்."

அந்தப் பிள்ளை ஒரு வருடமாகக் கையில் பாஸை வைத்துக்கொண்டு ஃபெயிலாக வாழ்ந்திருக்கிறாள்.

"அது வேறம்மா. ரெண்டு தாளையும் சேத்துப் பாப்பாங்க. நீ பாஸ். ஏ.எல் படிக்கலாம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த அம்மா சம்மதிக்காவிட்டால் பதினைந்தும் இல்லை, வகுப்பும் இல்லை.

அம்மா என்னிடம் கேட்டார், "வகுப்பு இங்கனதானா சேர்? டவுனுக்கு அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல."

"இங்கதாங்க. நம்ம ஸ்கூல்லயே."

"அப்ப அவ வரட்டும். எம்புட்டு நாளக்கித்தான் இவளும் அரப்பேராவே இருப்பா?"

வியாழக்கிழமை மறுபடியும் அதே கவுன்டர். அதிகாரி செல்வராணியின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெயர், பிறந்த தேதி, பாடம் எல்லாம் ஒப்பிட்டார். பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"ரெண்டு தாள், ஒராள். பதினைஞ்சு."

மேலிடத்துக் கையெழுத்து இன்னும் வரவேண்டும். வரும் என்றுதான் அவர் சொன்னார். நானும் நம்புகிறேன்.

செல்வராணியிடம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"சேர், போர்டுல எழுதுவீங்களா?"

அந்தப் பழைய பட்டியல் அழிந்து எத்தனையோ நாள். இருந்தாலும் இன்று காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், போர்டின் நடுவில் அவள் பெயரைத் தனியாக எழுதினேன்.

பாடசாலை அதிபர் வந்து நின்று பார்த்தார்.

"என்ன சேர், ஒரு பேரு மட்டும் இருக்கு? இது எந்த வருச ரிசல்ட்?"

"ரெண்டு வருச ரிசல்ட் சேர். எனக்குக் கூட்டத் தெரிய இவ்வளவு நாளாச்சு."

உங்கள் தோட்டத்திலும் யாராவது இரண்டு தாள்களைத் தனித்தனியாக மடித்து வைத்திருக்கிறார்களா? ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.