வாங்காதீர்கள் என்று சொல்ல முடியாத எண்ணெய்

இங்கே மெல்பனில் பிஸ்கட் பொட்டலத்தின் முன்பக்கத்தை யாரும் நம்புவதில்லை. ஸ்பிரிங்வேல் கடையில் என் மகள் அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "பாமாயில்மா, வேணாம்" என்று திரும்ப வைப்பாள். காட்டை அழித்து, பாமாயில் தரும் செம்பனையை நடுவதால் ஓராங் ஊத்தான் என்னும் மனிதக் குரங்குகள் அழிந்துவருவதாகப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நியாயந்தான். ஆனால் நான் மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா நீளக் கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டித்தான் எங்களை வளர்த்தார். அண்ணன் இன்றும் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி.

போன மாதம் கோயில் மண்டபத்தில், பூஜை முடிந்ததும், விலங்குக் காட்சிசாலையிலிருந்து லின் என்ற தன்னார்வலர் படங்களோடு வந்தார். மூத்த பெண்களுக்குத் தமிழில் சொல்ல என்னை நிறுத்தினார்கள். தாயை இழந்த குட்டி ஒன்று துண்டைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் படத்தைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. கடைசியில் லின், "பாமாயில் வாங்கவே கூடாது என்று சொல்லுங்கள்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. முருகா, இதைச் சொன்னால் அண்ணன் அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றுவதாகாதா? "என் அண்ணன் அந்த வேலைதான் செய்கிறார்" என்றேன். "காட்டை வெட்டுகிறாரா?" என்று பதறினார். "இல்லை, மரம் பார்க்கிறார்" என்றேன். எந்த மரம் என்று அவருக்குப் புரியவில்லை.

"பேசாமல் உங்கட அண்ணனையே கேளுங்கோவன்" என்றார் முன்வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி. அண்ணனைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன தங்கச்சி, குரங்குக்குக் கோயில்ல கூட்டமா? அனுமாருக்கு மனசு குளிர்ந்துரும்!" என்று சிரித்த அண்ணன், பிறகு நிதானமாகச் சொன்னார்: "இங்க ஆத்தோரக் காட்ட வெட்டாம விட்டிருக்கோம். வனத்துறையும் பக்கத்துக் கம்பத்து ஊர்ச் சனமும் சேர்ந்துதான் காவல். ஒரு தாய்க் குரங்கு குட்டியோட அதுவழியாத்தான் போகுது. முன்ன அதக் கண்டா வெரட்டுவோம். இப்ப எங்க பிள்ளைங்களே விடாதுங்க, பள்ளிக்கூடத்துல வந்து சொல்லிக் குடுத்துட்டாங்க. யாருகிட்டயும் வாங்கலன்னா, காட்ட விட்டவனுக்கும் வெட்டுனவனுக்கும் ஒரே கதிதானே? அப்புறம் மொதலாளி எதுக்கு விட்டு வைப்பாரு?"

லின்னுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர், "அப்படியானால், காட்டை விட்டுவைத்தவர்களின் எண்ணெய்தானா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்" என்றார். இதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

"ஓம், அப்ப அந்த விளக்குக்கு ஊத்துற எண்ணெய் டின்னையும் ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ" என்றார் அன்ரி. எல்லோரும் சந்நிதிப் பக்கம் திரும்பினோம். டின்னில் 'வெஜிடபிள் ஆயில்' என்று மட்டுமே போட்டிருந்தது; எதன் எண்ணெய் என்று இல்லை. கடைக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த டின் வாங்குவது என்று நிர்வாகத்தார் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு அண்ணன் ஒரு படம் அனுப்பினார். வீட்டுச் சாமி அலமாரியின் ஓரத்தில் அதை வைத்திருக்கிறேன். விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. குட்டியைச் சுமந்தபடி அந்தத் தாய் ஆற்றோரத்தில் தொங்குகிறது. ஒரு கை காட்டு மரக்கிளையில், இன்னொரு கை எங்கள் செம்பனை மட்டையில். எந்தக் கையை எடுக்கப்போகிறது என்று படத்தில் தெரியவில்லை.